மூளையைப் படிக்கப் போகிறீர்களா? கணக்கு நோட்டு எங்கே?

ப்ளஸ் டூ ரிசல்ட் வரும் சமயத்தில் கல்விக் கண்காட்சிப் பக்கம் போனால் சமீப காலமாக ஒரு பெயர் அடிக்கடி காதில் விழுகிறது: பி.எஸ்சி. நியூரோசயின்ஸ். நீட்டில் நூலிழையில் கோட்டை விட்டவர்கள், நீட்டே வேண்டாம் என்று ஒதுங்கியவர்கள், மனித மனம் பற்றி யூடியூபில் பார்த்துக் கிறங்கியவர்கள் என மூன்று ரகப் பிள்ளைகளும் வெளிநாட்டுப் படிப்புக்கான மேஜைகள் முன்னால் நிற்கிறார்கள். கையேட்டின் அட்டையில் நீல நிறத்தில் ஒரு மூளை மின்னுகிறது. கூட வந்த அப்பாவின் முதல் கேள்வி, "இதைப் படிச்சா டாக்டர் ஆகலாமா?"

ஆக முடியாது. இங்கே நரம்பியல் மருத்துவர் ஆக எம்.பி.பி.எஸ்., எம்.டி., டி.எம். என்று தனிப்பாதை இருக்கிறது. அமெரிக்காவில் நியூரோசயின்ஸ் படித்துவிட்டு மருத்துவக் கல்லூரிக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் என்பது உண்மைதான். ஆனால் அந்த நாட்டில் டாக்டர் படிப்பே ஒரு பட்டம் முடித்த பிறகுதான் தொடங்கும். அந்த ஊர்க் கணக்கை இங்கே போட்டால் விடை தப்பாகத்தான் வரும்.

அப்பா கேட்க வேண்டிய கேள்வி வேறு. அதை மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் அல்ல, பக்கத்தில் நிற்கும் பிள்ளையிடம் கேட்க வேண்டும்: கணக்கை எந்த வகுப்போடு விட்டாய்?

இளநிலைப் பட்டமாக நியூரோசயின்ஸ் பரவலாகி ரொம்ப காலம் ஆகிவிடவில்லை. ஆனாலும் அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி 1973-லேயே தொடங்கிவிட்டது. படிப்பு பிரிட்டனில் மூன்று வருடம், அமெரிக்காவில் நான்கு வருடம். நம் நாட்டில் பெரும்பாலும் ஒரு பட்டம் முடித்த பிறகுதான் இந்தத் துறைக்குள் நுழைகிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ், இந்திய அறிவியல் கழகம், மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் எல்லாம் அப்படித்தான். ஆகவே பதினேழு வயதில் நேராக மூளையைப் படிக்க ஆசைப்படும் பிள்ளை விமானம் ஏறப் பார்க்கிறது.

அங்கே ஆரம்பம் அமர்க்களமாகத்தான் இருக்கும். பல கல்லூரிகளில் முதல் பருவத்திலேயே ஒரு தட்டில் செம்மறியாட்டு மூளையை வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். எடை 150 கிராமைத் தொடாது. நம் கறிக்கடையில் வாழை இலையில் மடித்துத் தருவார்களே, அந்தக் குழைவு இதில் இருக்காது. ஃபார்மலினில் ஊறி இறுகியிருக்கும். வாடை மூக்கைத் துளைக்கும். இரண்டு பாதிக்கும் நடுவே கத்தியை இறக்கினால் பாதிகளை இணைக்கும் வெள்ளைப் பட்டை தெரியும். பின்பக்கம் சிறுமூளையை நெடுக்காக வெட்டினால் உள்ளே ஒரு மரம் கிளை விரித்து நிற்கும். முதன்முதலாகப் பார்க்கிறவர்களுக்கு அது மறக்காது. அன்று இரவே போட்டோ வாட்ஸ்அப்பில் ஊருக்கு வந்துவிடும்.

சில வாரங்கள் கழித்து வருகிறது நெர்ன்ஸ்ட் சமன்பாடு. அதை யாரும் போட்டோ எடுத்து அனுப்புவதில்லை.

பேராசிரியர் பலகையில் ஒரு நியூரான் வரைகிறார். உள்ளே பொட்டாசியம் 140 மில்லிமோலார், வெளியே 5. சவ்வு வழியாகப் பொட்டாசியம் மட்டும்தான் போய்வர முடியும் என்று வைத்துக்கொண்டால், உள்ளுக்கும் வெளிக்கும் எத்தனை மில்லிவோல்ட் வித்தியாசம் இருக்கும்? 5-ஐ 140-ஆல் வகுத்து, லாகரிதம் பார்த்து, உடல் வெப்பத்துக்கு உரிய 61-ஆல் பெருக்கினால் மைனஸ் 88 என்று வருகிறது. ஆனால் ஓய்வில் இருக்கும் நிஜ நியூரானை அளந்தால் மைனஸ் 70 பக்கம்தான் காட்டும். இடையில் உள்ள 18 எங்கே போயிற்று? சோடியமும் கொஞ்சம் உள்ளே கசிகிறது. எவ்வளவு கசிந்தால் இந்த 18 வரும் என்று அடுத்த கேள்வி. இந்த இடத்தில்தான் வகுப்பு இரண்டாகப் பிரிகிறது. லாகரிதத்தோடு பழகிய பிள்ளைக்கு 18 ஒரு துப்பு. மற்றவருக்கு மனப்பாடம் செய்ய இன்னொரு எண்.

இன்னும் ஒரு படி மேலே போனால் நியூரான் துடிக்கும் விதம். ஏறக்குறைய ஒரு மில்லி விநாடிக்குள் மின்னழுத்தம் விருட்டென்று ஏறி இறங்குகிறது. இதை முதலில் முழுதாக விளக்கியவர்கள் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு ஆங்கிலேயர்கள். கணவாய் மீனின் உடம்பில் ஒரு மில்லிமீட்டர் வரை தடிமன் உள்ள நரம்பிழை இருக்கிறது. அதற்குள் மின்முனையைச் செருகி அளந்து, 1952-ல் கட்டுரைகளாக வெளியிட்டார்கள். 1963-ல் நோபல் பரிசு. அந்தச் சமன்பாடுகளை ஹக்ஸ்லி எப்படித் தீர்த்தார் என்பது தனிக்கதை. கேம்பிரிட்ஜின் கணினி அப்போது மராமத்தில் இருந்தது. கையால் சுற்றும் கணக்குப் பொறியை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் சுற்றினார். இத்தனைக்கும் அவர் இன்ஜினீயர் ஆகலாம் என்ற நினைப்போடு கல்லூரிக்குப் போனவர்; கூடுதலாக ஒரு பாடம் வேண்டுமே என்று உடலியங்கியலை எடுத்தவர். இன்றும் பல கல்லூரிகளில் இந்தப் பட்டப்படிப்பின் பாடத்திட்டத்தில் அந்த வகைக்கெழுச் சமன்பாடுகள் உண்டு.

அடுத்தது புள்ளியியல். மூளை ஸ்கேன் படங்களில் சிவப்பும் மஞ்சளுமாக ஒளிரும் இடங்களைக் காட்டி, காதல் இங்கே, பயம் இங்கே என்று எழுதுகிறோமே (எங்கள் பத்திரிகைத் தொழிலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்), அதற்கு 2009-ல் சரியான சூடு விழுந்தது. அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு செத்த சால்மன் மீனை ஸ்கேனருக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, படத்தில் இருப்பவர் என்ன உணர்கிறார் என்று அதனிடமே கேட்டார்கள். மீனின் மூளையில் ஓரிடம் ஒளிர்ந்தது! ஸ்கேனில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்தால் சில கட்டங்கள் தற்செயலாகவே 'ஆம்' என்று சொல்லிவிடும். அதற்குரிய திருத்தத்தைப் போட்டதும் ஒளி அணைந்துவிட்டது. 2012-ல் இக் நோபல் என்ற வேடிக்கைப் பரிசைக் கொடுத்துச் சிரித்தார்கள். சிரிப்புக்குப் பின்னால் இருப்பது நிகழ்தகவு. அது தெரியாதவர் செத்த மீனின் மனதைப் பற்றியும் ஆய்வறிக்கை எழுதிவிடுவார்.

போதாக்குறைக்கு நிரல் எழுதவும் வேண்டும். 302 நியூரான் மட்டுமே உள்ள ஒரு சின்னப் புழுவின் நரம்பு இணைப்புகள் 1986-ல் வரைபடமாயின. பழ ஈயின் முழு மூளை வரைபடம் 2024-ல்தான் வந்தது: ஏறத்தாழ 1,40,000 நியூரான்கள், ஐந்து கோடி இணைப்புகள். மனிதனுக்கோ சுமார் 8,600 கோடி நியூரான்கள். இதை நோட்டில் எழுதிப் படிக்க முடியுமா? பைத்தானோ மேட்லேபோ கையில் இருந்தே ஆக வேண்டும். சென்னையிலேயே பார்க்கலாமே. கருவில் வளரும் குழந்தையின் மூளையை 5,132 சீவல்களாகப் படமெடுத்து, 'தரணி' என்ற பெயரில் 2024 டிசம்பரில் உலகத்துக்கே திறந்து வைத்தது ஐ.ஐ.டி. மெட்ராஸ். அது பொறியியல் கல்வி நிறுவனம் என்பதைக் கவனியுங்கள்.

கணக்கு இல்லாமலும் மூளை அறிவியலில் சாதிக்கலாம் என்பார்கள். சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன், ஒரு கண்ணாடிப் பெட்டியை வைத்தே இல்லாத கையின் வலியை ஆராயவில்லையா என்று கேட்பார்கள். நியாயம்தான். ஆனால் மேதைகளை உதாரணம் காட்டி யாரும் ப்ளஸ் ஒன்னில் குரூப் தேர்ந்தெடுக்க முடியாது.

என் ஆதங்கம் அந்தக் குரூப்பில்தான் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடிந்ததும் நம் வீடுகளில் நடப்பது என்ன? "டாக்டருக்குத்தானே படிக்கப் போறே, நீட்ல கணக்கே கிடையாது, எதுக்குச் சுமை?" என்று பள்ளியில் சொல்கிறார்கள், வீட்டில் தலையாட்டுகிறார்கள். பயோ-மேத்ஸில் உட்கார வேண்டிய பிள்ளை ப்யூர் சயின்ஸில் உட்காருகிறது. தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியாக, கணக்கு கழற்றிவிடப்பட்டு. கணக்கு வராது என்பதால் விட்ட பிள்ளைகள் அல்ல இவர்கள். பத்தாம் வகுப்பில் 95 வாங்கியவர்கள். பதினைந்து வயதில், இரண்டு வருடம் கழித்து எழுதப்போகும் ஒரே ஒரு தேர்வை மனதில் வைத்து ஒரு கதவைச் சாத்திவிடுகிறோம். அந்தத் தேர்வில் இடம் கிடைக்காதபோதுதான் வேறு எந்தெந்தக் கதவுகள் பூட்டியிருக்கின்றன என்று தெரிகிறது.

இதில் ஏமாற்றம் என்னவென்றால், வெளிநாட்டு அட்மிஷன் சமயத்தில் கணக்கு இல்லாத குறை தெரியாது. பிரிட்டனில் பல இடங்களில் இரண்டு அறிவியல் பாடம் இருந்தால் போதும் என்பார்கள்; கணக்கு இருந்தால் நல்லது என்று சின்ன எழுத்தில் ஒரு வரி வரும். உயிரியலும் வேதியியலும் வைத்திருக்கும் பிள்ளைக்கு இடம் கிடைத்துவிடும். வீட்டில் கடன் வாங்கிக் கட்டிய முதல் வருடக் கட்டணத்தின் பெரும்பகுதி, பதினோராம் வகுப்பில் சும்மா கிடைத்திருக்கக்கூடிய வகைநுண்கணிதத்தோடு மல்லுக்கட்டுவதில் போகும். எப்படியோ தேறிவிடுகிறவர்கள் உண்டு. மனோதத்துவப் பக்கம் மாறிக்கொள்கிறவர்களும் உண்டு.

வேலைவாய்ப்பும் இதையேதான் சொல்கிறது. வெறும் பி.எஸ்சி.யோடு ஆய்வக உதவியாளர் வேலை, மருந்துப் பரிசோதனை நிறுவனங்களில் தொடக்கநிலை வேலை என்று ஏதாவது கிடைக்கலாம். பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு மேல் முனைவர் பட்டம்தான். அங்கே தரவைக் கையாளத் தெரிந்தவரைத்தான் தேடுகிறார்கள்.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இந்த வருடம் ப்ளஸ் ஒன் சேரும் பிள்ளைக்கு மூளை, மனம், நரம்பு என்று ஏதாவது ஆசை இருந்தால், பயோ-மேத்ஸ் கேளுங்கள். நீட்டுக்கும் அது போதும். ஏற்கெனவே ப்யூர் சயின்ஸ் எடுத்து முடித்துவிட்டவர்களுக்கு, தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கை மட்டும் தனிப்பாடமாக எழுதும் வழி இருக்கிறது. நீங்கள் சேரப்போகும் பல்கலைக்கழகம் அதை ஏற்குமா என்று முதலில் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். பணம் கட்டுவது அதற்குப் பிறகு.