எண் பலகை வந்த கதை

1896 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், பேடக் வுட் என்ற ஊர் வழியாக வால்ட்டர் ஆர்னால்ட் என்பவர் காரில் போனார். வேகம் மணிக்கு 8 மைல். ஊருக்குள் 2 மைலுக்கு மேல் போகக் கூடாது. ஒரு காவலர் சைக்கிளில் ஏறித் துரத்தினார். மைல் கணக்கில் மிதித்து, மடக்கியும் விட்டார். வேகத்துக்கான அபராதம் 1 ஷில்லிங். சொந்தக்காரரின் பெயரும் முகவரியும் வண்டியில் தெரியும்படி எழுதவில்லை என்பதும் அந்த வழக்கில் ஒரு குற்றச்சாட்டு. எண் பலகை வருமுன், வண்டி யாருடையது என்று சொல்ல அந்த எழுத்துதான் இருந்தது.

அந்த 2 மைல் விதி நீராவி எஞ்சின்களுக்காக 1865-இல் வந்தது. வண்டிக்கு 60 கஜம் முன்னால் ஒருவர் சிவப்புக் கொடியோடு நடக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். 1878-இல் கொடி போனது. ஆள் நடப்பது மட்டும் நீடித்தது. 1896 நவம்பரில் அதுவும் போய், வேக வரம்பு 14 மைலாக உயர்ந்தது.

அதற்கு மூன்று மாதம் முன்புதான், லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண் கார் மோதி இறந்திருந்தார். மகளோடு நடந்து வந்தவர். ஓட்டியவரிடம் உரிமம் இல்லை. அப்படி ஒன்றே அன்று கிடையாது. விபத்து என்று விசாரணை முடிந்தது. இனி இப்படி நடக்கக் கூடாது என்று விசாரணை அதிகாரி சொன்னார். நடந்துகொண்டே இருந்தது.

1904 ஜனவரி 1 முதல் பிரிட்டனில் ஒவ்வொரு காருக்கும் பதிவு எண் கட்டாயமானது. லண்டனுக்கு ஏ, லங்காஷயருக்கு பி என்று பகுதிவாரியாக எழுத்து கொடுத்தார்கள். வேக வரம்பு 20 மைல். 5 ஷில்லிங் கட்டினால் உரிமம். ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. காருக்கு எண் மாட்டுவதே அவமானம் என்று நினைத்த சீமான்கள் பலர். இடித்துவிட்டு நிற்காமல் போகிறவனை அடையாளம் காட்ட, தெருவில் நடப்பவனுக்கு அந்த எண்ணை விட்டால் வேறு என்ன இருந்தது? அதைக்கூட மறுக்க நினைத்தவர்கள்மேல் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

1905-இல் கார்காரர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதன் ஆட்கள் சைக்கிளோடு சாலையில் நின்று, போலீஸ் எங்கே மறைந்து வேகம் அளக்கிறது என்று எச்சரித்தார்கள். அது குற்றம் என்று 1910-இல் நீதிமன்றம் சொன்னதும் வழியை மாற்றினார்கள். உறுப்பினரின் கார் வந்தால் சல்யூட் வைப்பது வழக்கம். சல்யூட் வைக்காவிட்டால் ஓட்டுபவர் வண்டியை நிறுத்திக் காரணம் கேட்க வேண்டும். சும்மா நின்றதற்காக ஒருவர்மேல் வழக்குப் போட முடியாதே!

1930-இல் கார்களுக்கான வேக வரம்பையே எடுத்துவிட்டார்கள். 1934-இல் சுமார் 24 லட்சம் வண்டிகள் ஓடிய நாட்டில் 7,343 பேர் சாலையில் இறந்தார்கள். ஏறத்தாழப் பாதிப்பேர் நடந்து போனவர்கள். மறு ஆண்டே ஊருக்குள் 30 மைல் வரம்பும், புதிதாக ஓட்ட வருவோருக்குக் கட்டாயத் தேர்வும் வந்தன. இன்று அங்கே வண்டிகள் 4 கோடி. ஆண்டுச் சாவு 1,600-ஐ ஒட்டி நிற்கிறது. சைக்கிள் மிதித்த காவலர் இருந்த இடத்தில், எண்ணைப் படிக்கும் கேமரா நிற்கிறது.

பதிவு, உரிமம், இடப்பக்கம் ஓட்டுவது எல்லாம் அவர்கள் வழியாகத்தான் நமக்கும் வந்தன. 1914-இலேயே இந்திய மோட்டார் வாகனச் சட்டம் வந்துவிட்டது. ஆர்டிஓ மைதானத்தில் கால் ஊன்றாமல் ‘எட்டு’ போட்டுத்தான் நாமும் லைசென்ஸ் வாங்குகிறோம். ஆனாலும் 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 17,884 பேர். இதற்கு நடுவிலும் நம் தெருவில் நம்பர் பிளேட்டை மடக்கி வைத்த பைக்குகள் ஓடுகின்றன. படிக்க முடியாத வளைந்த எழுத்து, எண் தெரியாதபடி ஸ்டிக்கர். உங்கள் வீட்டில் அப்படி ஒரு வண்டி நின்றால் இன்றே பிளேட்டை நிமிர்த்துங்கள், ஸ்டிக்கரைக் கிழித்துப் போடுங்கள்.