ஒரு கால் மட்டும் வீங்குவது ஏன்?

இரண்டு கால்களும் வீங்கினால் இருதயம், சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றையே வைத்தியர்கள் முதலில் சந்தேகிப்பர். ஒரு கால் மாத்திரம் வீங்கினாலோ, கோளாறு பெரும்பாலும் அக்காலில் அல்லது அதற்கு மேலுள்ள இடுப்புக்குழியில் இருக்கும்.

பெரியநீலாவணை, மருதமுனை, கல்முனை என நீளும் எமது கரையோரத்தில் வீங்கிய காலைக் கண்டதும் யானைக்கால் நோயை நினைப்போர் இருக்கலாம். ஆனால் இலங்கையில் அந்நோய் மேல், தென், வடமேல் மாகாணங்களிலேயே வேரூன்றியிருந்தது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அது நீங்கிவிட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் 2016 இல் உறுதிப்படுத்தியது. ஆகவே காரணத்தை வேறிடத்தில் தேடுவதே முறையாகும்.

சில மணித்தியாலங்களில் அல்லது நாட்களில் தோன்றும் வீக்கத்திற்கு, தோலின் கீழ் பரவும் கிருமித்தொற்றும், ஆழமான நாளத்தில் இரத்தம் உறைவதுமே வழமையான காரணங்கள். உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் மரணம் நேரலாம். எண்ணெய் பூசி உருவிவிடுவது இவ்வேளையில் ஆபத்தானது.

அரிதான காரணங்களும் உள. இடுப்புக்குழியில் இடக்கால் நாளத்தின் மீது வலப்பக்க நாடி குறுக்கே செல்கிறது. சிலரில் அது நாளத்தை முதுகெலும்போடு அழுத்துவதால் இடக்கால் வீங்குகிறது. மே, தேர்னர் என்போர் 1957 இல் இதனை விபரித்தனர். முழங்காலின் பின்னுள்ள நீர்க்கட்டி வெடித்தாலும் இரத்தக்கட்டி போன்றே தோற்றமளிக்கும். கருப்பை, சூலகம், புரொஸ்டேட் ஆகியவற்றின் புற்றுநோய் நாளத்தையோ நிணநீர்ப் பாதையையோ அடைப்பதும் உண்டு. வலியின்றி மெதுவாகக் கூடும் வீக்கம் சிலவேளை இதன் முதல் அறிகுறியாகும்.

காலை மட்டும் பரிசோதிக்கும் டொப்ளர் ஸ்கேன் இடுப்புக்குழியின் அடைப்பைத் தவறவிடலாம். ஸ்கேனில் குறையில்லை எனக் கூறப்பட்டும் வீக்கம் வற்றாவிடின், வயிற்றையும் இடுப்பையும் சீ.டி. அல்லது எம்.ஆர். ஸ்கேன் மூலம் பார்க்க வேண்டுமா என வைத்தியரிடம் கேட்பது நோயாளியின் உரிமையாகும்.

கர்ப்பிணிகளும் அண்மையில் பிரசவித்தவர்களும் விசேட கவனம் செலுத்த வேண்டும். அவர்களுக்கு இரத்தம் உறையும் அபாயம் அதிகம். அதுவும் இடக்காலிலேயே பெரும்பாலும் நிகழ்கிறது. கூச்சத்தினால் காலைக் காட்டத் தயங்கும் தாய்மார் பெண் வைத்தியரையோ, தாதியொருவர் உடனிருப்பதையோ கோரலாம்.

வீக்கத்தோடு மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இரத்தம் கலந்த சளி என்பன தோன்றினால் விடியும்வரை காத்திருத்தல் ஆகாது. அந்நேரமே வைத்தியசாலையை நாடுங்கள்.