வெண்மையில் மறையும் வழி

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கல்கிசைக் கடற்கரையில் நிற்போர் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். மழை இறங்கும்பொழுது வானையும் கடலையும் பிரிக்கும் கோடு மறைந்து, எங்கும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். கரையில் நிற்பவருக்கு அது வெறுங் காட்சி. கடலில் இருக்கும் மீனவருக்கோ உயிர்ப் பிரச்சினை. உறைபனி மூடிய உயர்மலைகளிலும் இத்தகைய நிலை உண்டு. அங்கே நிறம் மட்டும் வெண்மை.

ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைகளில், காலில் நீண்ட பலகைகளைப் பூட்டிக்கொண்டு மலை கடந்து செல்லும் வழக்கம் இருக்கிறது. இதனை ஸ்கீ பயணம் என்பர். ஏறும்பொழுது பலகையின் அடியில் ஒரு பட்டையை ஒட்டுவார்கள். அதன் மயிர்கள் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், பலகை முன்னே வழுக்கும், பின்னே வழுக்காது. முற்காலத்தில் இதற்குக் கடல்நாயின் தோல் பயன்பட்டது. உச்சியை அடைந்ததும் பட்டையைக் கழற்றிவிட்டுச் சறுக்கி இறங்குவார்கள்.

இப்பயணத்தின் பாதை பெரும்பாலும் பனியாறுகளின் மேலே செல்கிறது. பனியாறு என்பது தன் பாரத்தினாலேயே மெல்ல நகரும் பனிக்கட்டிப் பெருக்கு. அது வளைந்து இறங்கும் இடங்களில் ஆழமான பிளவுகள் தோன்றுகின்றன. புதுப்பனி அவற்றின் மேல் மெல்லிய பாலம்போல் படிந்து, பிளவு இருப்பதையே மறைத்துவிடும். ஆகவேதான் பயணிகள் ஒருவரோடு ஒருவர் கயிற்றால் பிணைந்து செல்கின்றனர்.

மேகம் இறங்கிவிட்டால் நிலைமை முற்றிலும் மாறுகிறது. நிழல் இல்லை, தொடுவானம் இல்லை. முன்னே இருப்பது மேடா பள்ளமா என்பதைக் கண் அறியாது. நின்றிருப்பவன் தான் சறுக்கிக்கொண்டிருப்பதாக எண்ணித் தடுமாறி விழுவதும் உண்டு. அனுபவமுள்ள வழிகாட்டி ஒரு பனியுருண்டையை முன்னே எறிந்து, அது எங்கே நிற்கிறது, எங்கே மறைகிறது என்று பார்த்து அடியெடுத்து வைப்பான். திசைகாட்டியும் உயரமானியும் துணை செய்யும். செயற்கைக்கோள் வழி இடமறியும் கருவி இன்று உண்டெனினும், காலடியில் மறைந்திருக்கும் பிளவை அது காட்டாது.

காற்றும் சேர்ந்தால் குளிர் பன்மடங்காகும். வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே 10 பாகையாக இருக்க, மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது சுழியத்திற்குக் கீழே 23 பாகைபோல் இருக்கும். உடல் வெப்பம் குறையக் குறைய கைகள் மரத்துப்போகும். அதன்பின் சிந்தனையும் மந்தமாகும். தெளிவாக முடிவெடுக்க வேண்டிய வேளையிலேயே முடிவெடுக்கும் ஆற்றல் குன்றுகிறது.

2018ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் நடந்த துயரம் இதற்குச் சான்று. பிரான்சின் சமோனியிலிருந்து சுவிட்சர்லாந்தின் செர்மாட் வரை செல்லும் புகழ்பெற்ற பாதையில், 14 பயணிகள் புயலில் சிக்கினர். அரோலா என்னும் ஊருக்கு மேலுள்ள பனிமலையில், திறந்த வெளியிலேயே இரவைக் கழித்தனர். அவர்களுள் ஏழுபேர் மாண்டனர். வழிகாட்டியும் அவர்களுள் ஒருவர். அவர்கள் அடைய வேண்டிய விடுதி சில நூறு மீற்றர் தூரத்திலேயே இருந்தது. பார்வை தெளிந்திருந்தால் அது சிறு நடை.

இத்தகைய பயணத்தில் திரும்பி வருவதும் ஒரு கலையேயாகும். இன்ன நேரத்திற்குள் இன்ன கணவாயை அடையாவிடில் திரும்புவது, மேகம் இன்ன மட்டத்திற்கு இறங்கினால் புறப்படாதிருப்பது என்பவற்றை வெயில் எறிக்கும்போதே வகுத்துக்கொள்வது நன்று. புயலின் நடுவே நின்று ஆலோசிப்பவனுக்கு ஆசையும் சோர்வுமே ஆலோசகர். வானிலை எச்சரிக்கை கேட்டுத் தோணியைக் கரையேற்றும் கல்கிசை மீனவனுக்கு இவ்வுண்மை புதிதன்று. அவன் அன்று மீனை இழக்கிறான். மறுநாள் கடலுக்குச் செல்ல அவன் இருக்கிறான்.