பள்ளிக்கூடப் பதிவேட்டில் பாட்டன் பெயர்

செலாயாங், பத்துமலை, ரவாங் பக்கம் எந்த வீட்டில் விசாரித்தாலும் தாத்தா ரஜூலா கப்பலில்தான் வந்திருப்பார். அந்தக் கப்பல் கடலில் இறங்கியதே 1926-இல். 1912-இல் வந்தவரையும் பேரப்பிள்ளைகள் தயங்காமல் அதில் ஏற்றிவிடுகிறார்கள். கதை சொன்ன பாட்டி பொய் சொல்லவில்லை. நாகப்பட்டினத்தில் ஏறி, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கியது நிஜம். கப்பலின் பெயர்தான் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

பூர்வீகம் தேடும் ஆசை இப்போது வீட்டுக்கு வீடு பரவியிருக்கிறது. பாதிப் பேருக்கு அது ஆசை, மீதிப் பேருக்குத் தேவை. ஓ.சி.ஐ. அட்டைக்கு மனுப் போட்டால், முன்னோர் இந்தியாவில் பிறந்ததற்கு ஆவணம் கேட்கிறார்கள். குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு ஐசியோடு கிழடு தட்டியவர்களுக்கோ, இந்த மண்ணில் பிறந்ததற்கே ஆவணம் வேண்டியிருக்கிறது.

மொரிஷியஸ்காரருக்கு இந்தத் தொல்லை குறைவு. ஒப்பந்தக் கூலியாய்ப் போனவருக்கு எண் உண்டு, தகப்பன் பெயர், ஊர் பெயர் உண்டு; பிற்காலத்தில் போனவர்களுக்குப் புகைப்படம்கூட உண்டு. அவை அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பத்திரமாக இருக்கின்றன. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒன்றரை லட்சம் பேருக்கும் கப்பல் பட்டியல் இருக்கிறது. மலாயாவில் ஒப்பந்த முறை 1910-இல் முடிந்தது. நம்மவர்களில் பெரும்பாலோர் கங்காணி கூட்டி வந்தவர்கள். லைசென்ஸ் கங்காணியின் பெயரில். பின்னால் வந்த சனத்துக்குத் தலைக்கணக்குதான். 1938-இல் இந்திய அரசு தடை போட்டதும் அந்த வழியும் அடைபட்டது.

போதாக்குறைக்கு நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ‘அனாக் லெலாகி’ என்று அப்பா பெயர் மட்டும் பின்னால் வரும். பேரன் ஐசியில் பாட்டன் காணாமல் போவார். கிராணி காதில் விழுந்தபடி எழுதியதால் ஒரே பெரியசாமி மூன்று ஸ்பெல்லிங்கில் இருப்பார். 1942, 43-இல் ரயில் பாதை போடச் சயாமுக்குப் போனவர்கள் கதை இன்னும் மோசம். காஞ்சனபுரியின் போர்க் கல்லறையில் நேச நாட்டுச் சிப்பாய்கள் ஏறக்குறைய 7,000 பேர் வரிசையாய்ப் படுத்திருக்கிறார்கள். அதே தண்டவாளத்தில் செத்த ஆயிரமாயிரம் தமிழர்களுக்கு ஆளுக்கொரு கல்லும் இல்லை, முழுப் பட்டியலும் இல்லை. ‘போனாரு, வரல’ என்பதுதான் குடும்பத்தில் மிச்சமிருக்கும் தகவல்.

கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் சிலாங்கூர் செயலகத்தின் பழைய கோப்புகள் இருக்கின்றன. அங்கே தோட்டம் கிடைக்கும், துரை கிடைப்பார். தாத்தா கிடைப்பது அபூர்வம்.

இங்கிலாந்துக் குக்கிராமத்தான் தன் பாட்டனைத் தேடித் தேவாலயப் பதிவேட்டைப் புரட்டுகிறான். 1538-இல் பிறந்த உத்தரவு அது: ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் பாதிரியார் எழுதியாக வேண்டும். நம் தோட்டத்து மாரியம்மன் கோயில் பூசாரி எதையும் எழுதி வைக்கவில்லை. எழுதியவர் பள்ளிக்கூட வாத்தியார்.

பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டம் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்றது 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். துரைமார் பேருக்கு ஒரு கொட்டகை போட்டார்கள். கிராணியோ கங்காணியோகூடப் பாடம் நடத்தினார்கள். ஆனாலும் சேர்க்கைப் பதிவேடு எழுதப்பட்டது. இந்த வட்டாரத்தில் அப்படியொன்றைப் புரட்டிப் பார்த்தேன். காலிக்கோ அட்டை, ஓரம் மக்கிய தாள், ஊதா மையில் பையன் பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, ‘புது லயம்’ என்று விலாசம். எனக்குப் பிடித்தது கடைசிக் கட்டம்: விலகிய காரணம். ‘தோட்டம் மாறியது.’ ‘தாய் மரணம்.’ ‘ஊருக்குப் போனார்கள்.’ ஒரு பெண் பிள்ளைக்கு நேரே ‘தம்பியைப் பார்த்துக்கொள்ள’ என்று இருந்தது. தோட்ட வாழ்க்கையை இத்தனை சுருக்கமாக எந்த ஆராய்ச்சியாளரும் எழுதவில்லை.

என் கவலை இந்தப் பதிவேடுகள்தான். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்த் தாமான் வந்தது. பள்ளிக்கூடமும் இடம் மாறியது. மேசை நாற்காலி லாரியில் ஏறும். பழைய அலமாரியைக் கரையான் அரித்திருந்தால் அப்படியே விட்டுவிடுவார்கள். தோட்ட ஆபீஸில் வேலையாள் கணக்கு எழுதிய செக்ரோல் புத்தகங்கள் கைமாறிய தோட்டங்களோடு தொலைந்தன. அதற்கு அழுது பயனில்லை. பதிவேடு இன்னும் பல பள்ளிகளில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் உள்ளன; ஏராளமானவை தோட்டத்தில் பிறந்தவை.

ஊரைக் கிளறினால் சாதியும் சேர்ந்து கிளம்பும் என்று எச்சரிப்பவர்கள் உண்டு. நியாயம்தான், அதற்காகத் தாத்தாவையே மறந்துவிட முடியாது.

செலாயாங் ஃபிளாட்டுகளில் இருக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் விளையாட்டுப் போட்டி, கோப்பை பற்றிப் பேசி முடித்ததும், 1970-க்கு முந்திய பதிவேடு எங்கே என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். இருந்தால், அனுமதி வாங்கிப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, ஒரு பிரதியைப் பள்ளியிலும் ஒரு பிரதியை ஆவணக் காப்பகத்திலும் கொடுங்கள். உயிரோடு இருப்பவர்களின் விவரத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள்.