வீட்டில் பியர் தயாரிக்கப் போகிறீர்களா? முதலில் இவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்

சிங்கப்பூரில் வீட்டிலேயே பியர் தயாரிக்க உரிமம் தேவையில்லை. ஆனால், கட்டுப்பாடுகள் உண்டு. தயாரிப்பவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஒரு குடும்பம் மாதத்திற்கு 30 லிட்டருக்குமேல் தயாரிக்கக்கூடாது. சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே. ஒரு போத்தலைக்கூட விற்கக்கூடாது. காய்ச்சி வடிப்பதற்கு அறவே அனுமதியில்லை.

இந்தச் சலுகை சிங்கப்பூருக்கு மட்டுமே. மலேசியாவில் உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம் என்பதை ஜோகூரிலிருந்து வேலைக்கு வந்துபோவோர் மறக்கக்கூடாது.

சம்சு வேறு, பியர் வேறு

தோட்டப்புறங்களில் சம்சு சீரழித்த குடும்பங்களைக் கண்ட மூத்தோர், வீட்டில் மது தயாரிப்பது என்றதுமே பதறுவது இயல்பு. 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரங்களில் மெத்தனால் கலந்த மது பல உயிர்களைப் பறித்தது. பியரோ காய்ச்சி வடிக்கப்படுவதில்லை. வாற்கோதுமையின் சர்க்கரையை ஈஸ்ட் புளிக்கவைப்பதால் உருவாகிறது. அதில் ஆபத்தான அளவுக்கு மெத்தனால் உண்டாவதில்லை.

தொடக்கம் சிறியதாக இருக்கட்டும்

முதல் முறை 5 லிட்டர் போதும். 6 லிட்டர் தண்ணீரில் 600 கிராம் மால்ட் பொடியைக் கரைத்து, 10 கிராம் ஹாப்ஸ் சேர்த்து, ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். பாத்திரத்தைப் பனிக்கட்டி நீரில் வைத்து விரைவாக ஆறவைத்து, பிறகு ஈஸ்ட் சேர்க்கலாம். ஆறிய பிறகு படும் கரண்டி, குழாய், வாளி அனைத்தையும் கிருமிநீக்கியில் நனைத்தே பயன்படுத்த வேண்டும். பியர் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

நம் ஊர் வெப்பம் அடுத்த சிக்கல். வழக்கமான ஏல் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் வேண்டும். வெப்பம் கூடினால் சுவை காரமாகிவிடும். வாளியைப் பனிக்கட்டிப் பெட்டிக்குள் வைக்கலாம். அல்லது 30 டிகிரியைத் தாண்டியும் நன்கு வேலை செய்யும் நார்வே நாட்டு ‘குவைக்’ ஈஸ்ட்டை வாங்கலாம். வாயு வெளியேற வழியில்லாமல் வாளியை இறுக்கி மூடக்கூடாது.

போத்தல் வெடிக்காமலிருக்க

புளிப்பு முடியும்முன் போத்தலில் அடைத்தால் உள்ளே வாயு பெருகி, போத்தல் வெடிக்கும். கண்ணாடிச் சில்லு கண்ணைப் பறித்துவிடலாம். ஹைட்ரோமீட்டர் அளவு மூன்று நாள் மாறாதிருந்தால் மட்டுமே அடைக்க வேண்டும். நுரைக்காகச் சேர்க்கும் சர்க்கரையை லிட்டருக்கு 6 கிராம் என நிறுத்தே போட வேண்டும், கண்ணளவு கூடாது.

புதியவர்களுக்கு குளிர்பான பிளாஸ்டிக் போத்தலே ஏற்றது. அழுத்திப் பார்த்தால் கல்போல் இருக்கும்போது குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். பூஞ்சை படர்ந்திருந்தாலோ வினிகர் வாடை அடித்தாலோ, செலவழித்த பணத்தை எண்ணித் தயங்காமல் கொட்டிவிடுவதே நல்லது.