கிளிக் எங்கே நின்றுபோகிறது?

சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் கன்டெய்னரை திருவொற்றியூர், மணலி பக்கத்துச் சரக்குப் பெட்டக நிலையங்களுக்குக் கொண்டுபோக, ஆன்லைனில் எடுக்கும் சரக்குச் சீட்டான இ-வே பில் வேண்டியதில்லை. சுங்க அனுமதிக்காக நகரும் சரக்குக்கு விதியிலேயே விலக்கு இருக்கிறது. அனுமதி முடிந்து அங்கிருந்து குடோனுக்குப் புறப்படும்போதுதான் பில் தேவை. டிரைவர் வண்டியோடு கேட்டில் நிற்பார். தம்புச் செட்டித் தெருவில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் ஒருவர் எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டு 'சப்மிட்' பட்டனை அமுக்குவார். ஒன்றும் நடக்காது. நாலைந்து தடவை ஓங்கி அமுக்கிவிட்டு, கம்ப்யூட்டரையே ரீஸ்டார்ட் செய்வார். நிரப்பியதெல்லாம் போய்விடும்.

ரீஸ்டார்ட் கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. ஒரு கிளிக், மவுஸ் பட்டனில் தொடங்கி விண்டோஸ், பிரவுசர், திறந்திருக்கும் பக்கம், எங்கோ இருக்கும் சர்வர் என்று கைமாறிப் போகிறது. எந்தக் கட்டத்தில் நின்றது என்று கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். முதலில் பக்கத்து டேபை கிளிக் செய்யுங்கள். அது திறந்தால் மவுஸிலும் பிரவுசரிலும் குறையில்லை. கோளாறு அந்தப் பக்கத்தில். டேப் மாறவில்லை, ஆனால் கீழே டாஸ்க்பாரில் மற்ற புரோகிராம்கள் திறக்கின்றன என்றால் பிரவுசர் முழுவதுமே மாட்டிக்கொண்டிருக்கிறது. டாஸ்க்பாரும் அசையவில்லை என்றால் மவுஸ் அல்லது விண்டோஸ்.

கடலோரத்தில் மவுஸை லேசில் நம்பிவிடக் கூடாது. பட்டனுக்கு அடியில் ஒரு மைக்ரோ சுவிட்ச், அதற்குள் மெல்லிய உலோகத் தகடு. ஒவ்வொரு அமுக்கலுக்கும் அது தொட்டு விலக வேண்டும். காசிமேட்டிலும் ராயபுரத்திலும் ஜன்னலைத் திறந்தால் வருகிற உப்புக் காற்று ஜன்னல் கம்பியையே அரிக்கும்போது இந்தத் தகடு எம்மாத்திரம்? களிம்பேறிய சுவிட்ச் சில அமுக்கலைக் கோட்டைவிடும், சிலவற்றை இரண்டாக அனுப்பும். வலது பட்டன் வேலை செய்து இடது செய்யவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான். புது மவுஸ் வரும்வரை வேலையை நிறுத்த வேண்டாம். டேப் கீயை அமுக்க அமுக்க ஒவ்வொரு கட்டமாக, பட்டனாக நகரும். வேண்டிய பட்டன் வந்ததும் ஸ்பேஸ் பாரைத் தட்டலாம்.

கீபோர்டையும் ஒருமுறை பாருங்கள். டீ சிந்தி கன்ட்ரோல் கீ உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தால், லிங்க்கை அமுக்கும் ஒவ்வொரு முறையும் பின்னால் ஒரு புது டேப் திறக்கும். கண்ணெதிரே ஒன்றும் நடக்காது. மேலே டேப் வரிசை நீண்டுகொண்டே போனால் காரணம் அதுதான்.

இனி, பக்கத்தின் கோளாறு. ஒரு வலைப்பக்கத்தில் ஜாவாஸ்கிரிப்ட் கணக்குப் போடுவது, கிளிக்கை வாங்கி வேலை செய்வது, திரையில் எதை எங்கே காட்டுவது என்று முடிவு செய்வது எல்லாம் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் நடக்கும். லாரியை எடை போட்டு, ரசீது எழுதி, கேட்டையும் திறக்க ஒரே ஆள் இருக்கிற எடை மேடை மாதிரி. ஆயிரக்கணக்கான வரிகள் உள்ள பட்டியலோடு பக்கம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் உங்கள் கிளிக் காத்திருக்கும். காணாமல் போகாது, சிக்கலே அதில்தான். ஐந்து தடவை அமுக்கியிருந்தால் ஐந்தும் வரிசையில் நின்று, வழி கிடைத்ததும் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறலாம். ஒழுங்காக எழுதிய தளம் முதல் அமுக்கலிலேயே பட்டனை முடக்கிவிடும். எல்லாத் தளத்துக்கும் அந்த ஒழுங்கு வாய்ப்பதில்லை.

அதனால் மறுபடி அமுக்குவதற்கு முன், இன்னொரு டேபில் அன்றைக்கு உருவான பில்களின் பட்டியலைப் பாருங்கள். இரண்டு இ-வே பில் உருவாகியிருந்தால் ஒன்றை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். பணம் கட்டும் பக்கம் என்றால், வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வந்ததா, கணக்கில் பணம் போனதா என்று பார்க்காமல் மவுஸில் கை வைக்கவே கூடாது.

ஒரு பக்கம் மாட்டினால் பிரவுசரே மொத்தமாக மாட்டிய காலம் உண்டு. 2008ல் வந்த குரோம், டேப்களைத் தனித்தனி புராசஸ்களாகப் பிரித்தது. பயர்பாக்ஸ் 2016ல்தான் அந்த வழிக்கு வரத் தொடங்கியது. இந்தப் பிரிவினையால் நமக்கு ஒரு லாபம்: குரோமில் ஷிஃப்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அமுக்கினால் அதன் சொந்த டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிபியுவைத் தின்கிற டேபை மட்டும் அதில் முடித்துவிடலாம்.

பக்கம் சும்மா இருந்தும் கிளிக் ஏறவில்லையா? அம்புக்குறியைப் பட்டன்மேல் நிறுத்துங்கள். கை வடிவமாக மாறினாலோ, பட்டனின் நிறம் மாறினாலோ பக்கத்துக்கு மவுஸ் தெரிகிறது. எந்த மாற்றமும் இல்லையென்றால் பட்டனுக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத ஏதோ விரிந்து கிடக்கலாம்: சரியாக மூடாத அறிவிப்புப் பெட்டி, பாதியில் நின்ற விளம்பரம். எஸ்கேப் கீயைத் தட்டுங்கள். கன்ட்ரோலோடு பூஜ்யத்தை அமுக்கி ஜூமை 100 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். எழுத்தைப் பெரிதாக்கி வைத்தால் பழைய தளங்களில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அதற்கும் மசியவில்லை என்றால் இன்காக்னிட்டோவில் அதே பக்கத்தைத் திறங்கள். அங்கே வேலை செய்தால் விளம்பரத் தடுப்பான் போன்ற ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷனோ பழைய குக்கியோதான் குறுக்கே நிற்கிறது.

பிரின்ட், வங்கிப் பக்கம் போன்றவை சில தளங்களில் புது விண்டோவாகத் திறக்கும். பாப்-அப் தடுப்பு அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு, முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில் சின்னதாக ஓர் அடையாளம் மட்டும் காட்டும். அதைத் தொட்டு அனுமதி கொடுத்தால் போதும்.

யுஎஸ்பி டோக்கனைச் செருகி டிஜிட்டல் கையெழுத்துப் போடுகிறவர்களின் பாடு தனி. முன்பு பல அரசுத் தளங்களில் இந்த வேலையை ஜாவா செருகுநிரல் செய்தது. குரோம் 2015 செப்டம்பரிலும் பயர்பாக்ஸ் 2017 மார்ச்சிலும் அதைக் கைகழுவின. கடைசிப் புகலிடமாக இருந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் 2022 ஜூன் 15ஆம் தேதி ஓய்வு பெற்றது. இப்போது பல தளங்களில், கம்ப்யூட்டரில் நிறுவிய ஒரு சின்ன புரோகிராம் பிரவுசருக்கும் டோக்கனுக்கும் நடுவில் தரகு வேலை பார்க்கிறது. அது ஓடவில்லை என்றால் 'கையொப்பமிடு' பட்டன் வாயே திறக்காது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் அதன் ஐகான் இருக்கிறதா என்று பாருங்கள்.

அபூர்வமாகச் சில சமயம் கிளிக் எல்லாம் சரியாகவே நடந்திருக்கும். டேபின் தலைப்புகூட மாறியிருக்கும். திரை மட்டும் பழைய படத்தையே காட்டிக்கொண்டிருக்கும். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அமுக்கினால் கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். அடிக்கடி இப்படி ஆனால் பிரவுசர் செட்டிங்ஸில் ஹார்ட்வேர் ஆக்சிலரேஷனை அணைத்துவிடலாம்.

விண்டோஸ் 7 ஓடும் கம்ப்யூட்டரில், 2023 ஜனவரியில் வந்த குரோம் 109க்கு மேல் எதுவும் ஏறாது. அதற்குப் பிந்தைய ஜாவாஸ்கிரிப்ட் அந்தப் பழைய குரோமுக்குப் புரியாமல் பாதியில் நின்றால், பட்டன் வெறும் படமாகத்தான் இருக்கும். எஃப் 12ஐ அமுக்கி கன்சோலைத் திறந்தால் பிழைகள் சிவப்பு வரிகளாகத் தெரியும். அவற்றைப் படமெடுத்து தளத்தின் உதவி மையத்துக்கு அனுப்புங்கள். அவசரமான பில்லைப் பக்கத்து மேஜையின் புது கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம்.