ஆகாயத்தில் ஒரு பம்பரம்!
அரியலூர்ப் பெண்ணின் சாதனை

2012-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி. அதிகாலை 5 மணி 47 நிமிடம்.

ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட் நெருப்பைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. அதன் உச்சியில் 'ரிசாட்-1' செயற்கைக்கோள். எடை 1,858 கிலோ. அந்த ரக ராக்கெட் அதுவரை இவ்வளவு கனமான செயற்கைக்கோளைத் தூக்கியது இல்லை.

ரிசாட் திட்டத்துக்குத் தலைமை வகித்தவர் ஒரு பெண். பெயர் வளர்மதி. சொந்த ஊர் அரியலூர்!

யார் இவர்?

1959-ல் பிறந்தவர். அப்போது அரியலூரும் பெரம்பலூரும் திருச்சி மாவட்டத்து ஊர்கள். நிர்மலா பெண்கள் பள்ளியில் படித்தார். கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் என்ஜினீயர் பட்டம் பெற்றார். அண்ணா பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரானிக்ஸ் மேற்படிப்பு. 1984-ல் இஸ்ரோவில் சேர்ந்தார். ரிசாட் பறந்தபோது அவருக்கு 28 ஆண்டு அனுபவம். 2015-ல் தமிழக அரசு அப்துல் கலாம் விருதை ஏற்படுத்தியது. முதல் விருது இவருக்குத்தான்.

மேகம் மறைக்காது

கேமரா வைத்த செயற்கைக்கோளுக்கு வெளிச்சம் வேண்டும். மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. பெரம்பலூர் மக்காச்சோளம் செழித்து நிற்பதோ மழைக்காலத்தில்! ரிசாட், ரேடார் அலையை அனுப்பி, அது பட்டுத் திரும்புவதை வைத்துப் படம் எடுத்தது. மேகமும் இருட்டும் அதற்குத் தடை இல்லை.

ஆனால் அது சரியான கோணத்தில் சாய்ந்து நிற்கவேண்டும். உயரம் சுமார் 536 கிலோமீட்டர். கோணம் ஒரு டிகிரி பிசகினால், படம் 9 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும். வரதராசன்பேட்டையைப் பார்க்கச் சொன்னால் வேறு ஊரைப் பார்க்கும்.

எப்படித் திருப்புவது?

பம்பரம் வேகமாகச் சுற்றும்போது சாயாமல் நிற்கிறது அல்லவா? அந்தத் தத்துவத்தில் பிறந்த கருவிதான் 'கைரோஸ்கோப்'. கோள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும். கம்ப்யூட்டர் கணக்குப் போடும். உடனே உள்ளே ஒரு சக்கரம் சுழலும். சக்கரம் இந்தப் பக்கம் சுழன்றால், கோள் எதிர்ப்பக்கம் திரும்பும். அவ்வளவுதான் சூட்சுமம்!

வால்வு செய்த வேலை

ராக்கெட்டிலும் இதே கவலைதான். 1979 ஆகஸ்ட் 10-ந் தேதி எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கிளம்பியது. திட்ட இயக்குநர், சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்த அப்துல் கலாம். இரண்டாம் அடுக்கைத் திசை திருப்பும் அமைப்பில், ஒரு வால்வு வழியாக அமிலம் கசிந்துவிட்டது. ராக்கெட் கடலில் விழுந்தது. மறு ஆண்டு, 1980 ஜூலை 18-ந் தேதி, வெற்றி.

எங்கே படிப்பது?

'வழிநடத்தல், கட்டுப்பாடு' என்று இந்தப் படிப்புக்குப் பெயர். எம்.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி., பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், திருவனந்தபுரத்தில் 2007-ல் தொடங்கிய விண்வெளிக் கல்லூரி ஆகிய இடங்களில் விண்வெளிப் பொறியியல் உண்டு. பிளஸ்-2-வில் கணக்கும் பௌதிகமும் அவசியம். டாக்டர் பட்டம் வரை போனால் பேராசிரியர் ஆகலாம். ஆராய்ச்சியில் பெரும் பகுதி கம்ப்யூட்டர் முன்னால்தான். காற்று திடீரென்று அடித்தால், கைரோ பழுதானால், வால்வு கசிந்தால் என்ன ஆகும்? ராக்கெட் கிளம்பும் முன்பே இவர்கள் ஆயிரம் தடவை பறக்கவிட்டுப் பார்த்துவிடுவார்கள்!